பொத்தானைச் சுற்றும் கை

"உங்க வலது கை இப்போ நூத்துக்கணக்கான ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டிருக்கு மேடம்" என்று அந்தப் பெண் சொன்னபோது, பெனிட்டா முதலில் தன் கையைத்தான் பார்த்தாள். விரல்களில் முருங்கைக்கீரை ஒட்டியிருந்தது.

"இந்தக் கையா?"

"அதே கைதான்."

வந்திருந்தவள் பெயர் மிருதுளா. சென்னையில் திரையாள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். பழைய வீடியோக்கள் விஷயமாக நேரில் பேச வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். எந்தப் பாட்டையாவது அனுமதி இல்லாமல் பின்னணியில் ஓடவிட்டதற்காக இத்தனை வருஷம் கழித்துச் சண்டைக்கு வருகிறார்கள் போலிருக்கிறது என்று பெனிட்டா நினைத்துக்கொண்டாள். அதனால்தான் காப்பியோடு ஒரு தட்டு முறுக்கும் எடுத்து வைத்திருந்தாள். முறுக்கு தின்றுகொண்டே யாரும் அதிகமாகக் கோபப்பட முடியாது என்பது அவள் கண்ட உண்மை.

திரையாளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இல்லை. பாளையங்கோட்டையில் இப்போது எந்த விண்ணப்பம் போட்டாலும் அதைத் திறந்து பார்ப்பது திரையாள்தான். அது உடம்பில்லாத ஒரு குமாஸ்தா. கணினித் திரையில் கர்சர் தானாக நகரும். தானாகப் படித்து, தானாக க்ளிக் செய்யும். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம்.

"அந்தச் சட்டம் வந்ததாலதான் உங்களைப் பிடிச்சோம்" என்றாள் மிருதுளா. "ஆரம்பத்துல கர்சர் குதிக்கும் மேடம். இந்த மூலையில இருக்கும், கண் சிமிட்டறதுக்குள்ள அந்த மூலையில இருக்கும். பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்குத் தலை சுத்தும். தப்பு நடந்தாக்கூட தடுக்க முடியாது. மனுஷக் கண்ணு கூடவே போற மாதிரி நகரணும்னு உத்தரவு வந்துச்சு. சரி, மனுஷங்க எப்படி நகர்த்தினாங்கன்னு அதுக்குக் காட்டணுமே, இப்ப மவுஸ் பிடிக்கிறவங்க யாரு இருக்காங்க? பழைய பாட வீடியோவையெல்லாம் தோண்டினோம். எல்லாத்துலயும் ஒரே ஆட்டம், நடுக்கம். உங்க 'திரைப்பாடம்' மட்டும் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சு."

"எண்ணெய் இல்லம்மா. பவுடரு."

"என்ன?"

"முகத்துக்குப் போடுத பவுடரு. மவுஸுக்கு அடியில கொஞ்சம் தடவிக்கிடுவேன்."

மிருதுளா முறுக்கைக் கையில் பிடித்தபடியே சிரித்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு மெல்லிய திரையை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். ஏதோ ஓர் அலுவலகத்தின் திரைப்பதிவு அதில் ஓடியது. விண்ணப்பம் ஒன்று திறந்தது, கர்சர் மெல்லக் கீழே இறங்கியது, பெயரின் அடியில் ஒரு கணம் நின்றது, பிறகு வலது மேல் மூலையை நோக்கி ஏறியது. ஏறும் வழியில் லேசாக ஒரு முறை தாழ்ந்து மறுபடி எழுந்தது.

பெனிட்டா திரையை நோக்கிச் சாய்ந்தாள். கடைக் கண்ணாடியில் யாரோ நடந்து வருவதைப் பார்த்து, அட, அது நாம்தான் என்று தெரியும் கணம்போல இருந்தது. அந்தத் தாழ்வு அவளுடையது. அந்த நாளில் மவுஸுக்கு அடியில் அவள் வைத்திருந்தது சபையில் கொடுத்த வசனக் காலண்டரின் அட்டை. வலது மேல் மூலைக்குப் போகும்போது அட்டை முடிந்துவிடும். மவுஸைச் சற்றுத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு மறுபடி நகர்த்துவாள். அந்த அட்டையின் விளிம்பு இன்று ஏதோ ஓர் அலுவலகத் திரையில் உயிரோடு இருந்தது.

அவள் கணவர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் அவளும் கொழுந்தன் எபநேசரும். எபி பட்டம் வாங்கிவிட்டு எந்த நேர்முகத் தேர்விலும் தேறாமல் திரும்பி வந்துகொண்டிருந்தான். படிப்பில் குறையில்லை, நாக்கில்தான் சிக்கல். கேள்வி கேட்பவர் பதிலுக்குக் காத்திருக்கும்போது அவன் கழுத்து நரம்பு புடைக்கும், வார்த்தை வராது. வெளியே வந்து, "அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க மதினி" என்று மட்டும் சொல்வான். அதைச் சொல்லவும் நேரமாகும்.

கணினி சொல்லிக்கொடுக்கும் வீடியோ போடலாம் என்று தொடங்கியவள் பெனிட்டா. ஆனால் அவளால் கையையும் வாயையும் ஒன்றாக ஓட்ட முடியவில்லை. பேசினால் கை ஆடியது. கை நேராகப் போனால் பேச்சு நின்றது. "நீ பேசு, நான் நகர்த்துதேன்" என்று எபியை மைக் முன்னால் உட்காரவைத்தாள்.

"மதினி, என்னையவா?" என்று அவன் கேட்டான்.

"நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா? பூனையா பேசும்?"

அந்தச் சின்ன அறையை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது புழுக்கம்தான். மின்விசிறி ஓடினால் மைக்கில் இரையும் என்று மே மாதத்திலும் அதை நிறுத்திவிடுவார்கள். குக்கர் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் மாவரைக்கும் நேரம் பார்த்து ஓய்வு. முழங்கைக்கு அடியில் ஒரு மடித்த துவாலை. மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து நகர்த்தினால்தான் கர்சர் நெளியாமல் போகும் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். கர்சர் புறப்பட்ட பிறகு எபி பேச வேண்டும், சேர்ந்த பிறகு க்ளிக். பதிந்து முடிந்ததும் இருவரும் வியர்வை சொட்டச் சொட்ட எழுந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே மாடுகளைப்போல நிற்பார்கள். பாடம் பார்த்தவர்கள் "நன்றி அக்கா, நன்றி அண்ணா" என்று எழுதியதை எபி உரக்க வாசிப்பான். அவ்வளவு சந்தோஷம் பிறகு அவளுக்கு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை.

"இதைப் பாருங்க" என்ற மிருதுளாவின் குரல் அவளை அந்த அறையிலிருந்து வெளியே கூட்டிவந்தது.

திரையில் விண்ணப்பத்தின் அடிப்பகுதி வந்திருந்தது. இரண்டு பொத்தான்கள். ஒன்று 'ஏற்பு', மற்றது 'நிராகரி'. கர்சர் இரண்டாவதை நோக்கிப் போனது, ஆனால் அழுத்தவில்லை. பொத்தானைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டது. மறுபடி ஒரு வட்டம். மறுபடியும்.

"எங்க ஆபீஸ்ல இந்தக் கைக்கு 'அக்கா கை'ன்னு பேரு. வேற எங்கயும் அது இப்படி நிக்காது. நிராகரி, நீக்கு, நிறுத்து, இந்த மாதிரி திரும்ப எடுக்க முடியாத பட்டனுக்கு முன்னாடி மட்டும் சுத்தும். உங்க வீடியோவுல இருந்துதான் அதுக்கு இது வந்திருக்கு. ஒவ்வொரு வீடியோவா அளந்து பாத்தோம், வர வர வட்டம் கூடிக்கிட்டேதான் போகுது. நீங்க எதுக்கு மேடம் அங்க சுத்தினீங்க?"

பெனிட்டா தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "இன்னொரு முறுக்கு எடுத்துக்கோம்மா."

காரணம் அவளுக்குத் தெரியும். அந்த மூன்று சொற்களின் வாசலிலும் எபியின் நாக்கு நின்றுவிடும். மற்றதெல்லாம் எப்படியோ சமாளிப்பான். அவை வந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். பதிந்த பிறகு அந்த மௌனத்தை வெட்டி எடுக்கலாம்தான், ஆனால் வெட்டினால் கர்சர் துள்ளும், வழுவழுப்பு போய்விடும். கர்சர் அசையாமல் நின்றாலோ, இவன் திணறுகிறான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துபோகும். அதனால் அவன் வாயிலிருந்து சொல் வரும்வரை அவள் பொத்தானைச் சுற்றிக்கொண்டிருந்தாள், ஏதோ அந்தப் பொத்தானைச் சுட்டிக் காட்டுகிறவளைப்போல. முக்கியமான இடத்தை வட்டமிட்டுக் காட்டும் அக்கா என்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எபியிடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அது சும்மா ஒரு பழக்கம்" என்றாள்.

மிருதுளாவின் முகம் வாடியது. "பழக்கம்னா எடுத்துருவாங்க மேடம்."

"எடுக்கட்டுமே. அதுல என்ன?"

"அந்த வட்டத்துனால வேகம் குறையுதுன்னு ஆபீஸ்கள்ல இருந்து புகார். ஆனா இன்னொண்ணு இருக்கு. திரையாள் சும்மா நிக்கிற நேரத்துல, திரையில இருக்கிறதை மறுபடி ஒரு தடவை படிச்சுரும். அது அதோட சுபாவம். அப்படிப் படிக்கும்போது, முதல்ல விட்டது சிலது கண்ணுல படும். போன மாசம் ஒரு அம்மா, புருஷன் செத்து உதவித்தொகைக்குப் போட்டிருக்காங்க. பேரு ஒத்துப்போகலைன்னு நிராகரிக்கப் போச்சு. சுத்திச்சு. சுத்தும்போது கீழ ஒரு சான்று கோணலா ஒட்டியிருக்கிறதைப் பாத்துச்சு. திரும்பி வந்து ஏற்புல அழுத்திருச்சு. சில சமயம் அது பாக்காட்டியும், பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளு பாப்பாரு. இது எதுக்கு இப்படிச் சுத்துதுன்னு டீ கிளாஸை வச்சுட்டு நிமிர்ந்து உக்காருவாரு. இந்த மாதிரி எவ்வளவோ பேரு."

பெனிட்டா மேசையில் சிந்திய முறுக்குத் தூளை விரலால் ஒதுக்கினாள்.

"செவ்வாய்க்கிழமை ஒரு குழு கூடுது. வட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தா, அதை வைக்கிறதைப் பத்தி யோசிப்பாங்க. காரணத்தை எழுதிக் கொடுக்கணும். இந்தக் கை எந்தெந்தப் பழக்கத்தோட, எதனால வருதுன்னு அதை வாங்குற ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒட்டிவைப்பாங்க, யாரு வேணும்னாலும் படிக்கலாம். காரணம் ஒண்ணும் இல்லைன்னா, அந்த இடங்களை மட்டும் நீங்க வட்டம் இல்லாம பதிஞ்சு கொடுத்துரலாம். கருவியெல்லாம் கொண்டுவந்திருக்கேன்."

யாரு வேணும்னாலும் படிக்கலாம் என்றது பெனிட்டாவின் காதில் நின்றது. எபி இப்போது தூத்துக்குடிப் பக்கம் சில சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தில் ஐயர். உப்பளத்து ஜனங்களின் குருவானவர். அவன் பிரசங்கத்தைக் கேட்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அவன் சொல்லும் சாட்சி எல்லோருக்கும் மனப்பாடம். திக்குவாயனாக இருந்தேன், மதினி என்னை மைக் முன்னால் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்த முதல் நாளே ஆண்டவர் என் நாவின் கட்டை அவிழ்த்தார், அதற்குப் பிறகு நான் ஒரு சொல்லிலும் இடறவில்லை. அதைக் கேட்டு எத்தனை தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து அவனிடம் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார்கள்! அதே ஜனங்கள் நாளை ஏதோ ஒரு காரியமாக ஆபீஸுக்குப் போய், சுவரில் படிப்பார்கள். ஐயர் வருஷக்கணக்காகத் திணறினார், மதினி வட்டம் போட்டு மறைத்தாள்.

"மவுஸைக் கொடு" என்றாள் மிருதுளாவிடம்.

கையைக் கழுவித் துடைத்து, ஒரு துவாலையை மடித்து முழங்கைக்கு வைத்துக்கொண்டாள். மிருதுளா மாதிரி விண்ணப்பம் ஒன்றைத் திறந்து கொடுத்தாள். கை மறக்கவில்லை. கர்சர் கீழே இறங்கியது, நின்றது, புறப்பட்டது, நெளிவே இல்லாமல் 'நிராகரி'யை அடைந்து அழுத்தியது. ஒரே தடவையில் முடிந்தது. அந்த நாளில் எத்தனை முறை பதிந்தும் கிடைக்காத வழுவழுப்பு. ஒரு கணம் பெனிட்டாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு திரையில் பெரிய சிவப்பு எழுத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது. கீழே கோணலாக ஒட்டிய சான்று என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த மாதிரி விண்ணப்பத்தில் கீழே என்ன இருந்தது என்று தான் பார்க்கவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

"இது போதும் மேடம்" என்றாள் மிருதுளா. அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

"இதை உடனே கொடுத்துராத. ஞாயித்துக்கிழமை தாண்டட்டும். நான் ஒரு ஆளைப் பாக்கணும்."

*

ஞாயிறு காலை ஆராதனைக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கோயில் நிறைந்திருந்தது. எபி வெள்ளை அங்கியில் பீடத்தருகே நின்று பேசினான். உப்புக்காற்று அடித்துக் கறுத்த முகங்களெல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பயந்தபடியே சாட்சியும் வந்தது. "மைக் முன்னால உக்காந்த முதல் நாளே" என்று அவன் சொன்னபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்டவரே, எனக்கு ஒரு வழி காட்டும். இவன் மனசும் நோகக் கூடாது, அந்த முகம் தெரியாத ஜனங்களும் அழக் கூடாது.

ஆராதனை முடிந்து எபி அவளைத் தன் வீட்டுக்கு, கோயிலை ஒட்டிய குருமனைக்குக் கூட்டிப்போனான். அவன் மனைவி பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இருந்தாள். கோழிக்குழம்பையும் சோற்றையும் அவனே எடுத்து வைத்தான்.

"என்ன மதினி, பிரசங்கத்துல பாதி நேரம் குனிஞ்சே இருந்தீய? தூக்கமா?"

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"குறட்டை சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே."

"அது உன் சபைல உள்ள ஆளு. நீ பேசுத பேச்சுக்கு வேற எப்படி இருப்பாக?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு தீருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தொடங்கினாள். திரையாள், அக்கா கை, வட்டம், அந்த விதவை அம்மா, செவ்வாய்க்கிழமை கூடும் குழு, சுவரில் ஒட்டும் காரணம். கடைசியாக அந்தக் காரணத்தையும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் குழம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ அந்த வார்த்தைல சிக்கிக்கிடுவ. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் நான் சுத்தினேன். உன் கிட்ட கேக்காம அதை எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரலை. வேண்டாம்னு சொல்லு, நான் அந்தப் புது வீடியோவையே கொடுத்துருதேன். ஒரு வார்த்தை சொல்லு."

எபியின் கை சோற்றில் நின்றது. அவன் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. பழையபடி அவனைத் திக்க வைத்துவிட்டேனே என்று பதறினாள். கை தன்னையறியாமல் தட்டின் விளிம்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"மொத நாலஞ்சு மாசம் சிக்குச்சு" என்றான் அவன் மெதுவாக, ஆனால் தெளிவாக. "அது எனக்குத் தெரியாதா மதினி? வாய் என் வாய்தானே. அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைல என்னைய வாசிக்கச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு அவுந்தது. அதுக்கப்புறம் எந்த வார்த்தையிலயும் சிக்கல. முதல் நாளேன்னு பீடத்துல சொல்லுதது தப்புதான். ஆரம்பத்துல யாரோ அப்படி எடுத்துச் சொன்னாங்க, கேக்க நல்லா இருந்துச்சு, நானும் அப்படியே சொல்லிப் பழகிட்டேன். எனக்கே உறுத்தும்."

"பொய் சொல்லாத எபி. அதுக்கப்புறமும் நீ நின்னியே. அந்தப் பிள்ளை ஒவ்வொரு வீடியோவா அளந்து வச்சிருக்கு. வர வர அந்த வட்டம் கூடிக்கிட்டேதான் போயிருக்காம்."

"ஆமா, நின்னேன். நீங்க சுத்திக்கிட்டு இருந்தீயளே."

"அதுக்கு?"

"அண்ணனுக்கு மொதல்ல விசா கேட்டு நிராகரிச்சுட்டாங்கல்லா. நீங்க அந்தத் தாளை வச்சுக்கிட்டு அடுக்களைல உக்காந்து அழுதீய, நான் பாத்தேன். அந்தப் பட்டன் வரும்போதெல்லாம் உங்க கை அதை அமுக்காம சுத்திச் சுத்தி வந்துச்சு. மதினிக்கு அந்த வார்த்தையப் பாத்தா மனசு தாங்கலை போலன்னு நெனச்சேன். சுத்தி முடிக்கட்டும், மனசு ஆறட்டும், அப்புறம் சொல்லுவோம்னு வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்."

பெனிட்டா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள்.

"அடப்பாவி! நீ வாயைத் திறக்கட்டும்னுல்லா நான் சுத்திக்கிட்டே இருந்தேன்!"

"நீங்க நிறுத்தட்டும்னுல்லா நான் திறக்காம இருந்தேன்!"

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. அவளுக்குப் புரையேறிவிட்டது. எபி எழுந்து வந்து எச்சில் படாத இடது கையால் அவள் தலையில் தட்டி, தண்ணீரை எடுத்துக் கொடுத்தான். வருஷக்கணக்காக, மின்விசிறி இல்லாத அந்த அறையில், வியர்வை வழிய, ஒருவருக்காக ஒருவர் என்று எண்ணிக்கொண்டு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஆண்டவர் என்றைக்கோ அவிழ்த்துவிட்ட முடிச்சை அவள் அதற்குப் பிறகும் கையால் மூடி மூடி வைத்திருந்திருக்கிறாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு எபி யோசனையாகக் கேட்டான். "சரி மதினி, ரெண்டு பேருமே காத்துக்கிட்டு இருந்தோம்னா, ஒவ்வொரு தடவையும் முடிச்சு வச்சது யாரு?"

அவன் ஆண்டவரைத் தேடுகிறவனைப்போல மேலே பார்த்தான். அவளும் பார்த்தாள். கூரையில் மின்விசிறி தாராளமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள்.

"எழுதச் சொல்லுங்க" என்றான் எபி. "என் பேரையும் சேத்தே எழுதட்டும். நாலஞ்சு மாசம் சிக்குனதையும் எழுதட்டும். அவுங்க சுவத்துல ஒட்டுததுக்கு முன்னாடி, வார ஞாயிறு நானே பீடத்துல திருத்திச் சொல்லிருதேன். ஐயரு இத்தனை நாள் கூட்டிச் சொன்னாரான்னு நாலு பேரு முகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும். அந்தம்மாவுக்கு உதவித்தொகை வந்துச்சுல்லா."

அங்கிருந்தே மிருதுளாவைக் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தபோது எதிர்முனையில் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன் ஆன்ட்டி." முதல் முறையாக அவள் மேடத்தை விட்டிருந்தாள். "காரணம்னு ஒரே வரியில எழுதணும். என்ன எழுதட்டும்?"

பெனிட்டா எபியைப் பார்த்தாள். "எதிர்ல இருக்கிற ஆளு முடிக்கட்டும்னு காத்திருந்தோம். அப்படி எழுது. அந்தப் புது வீடியோவைக் கொடுத்துராத."

"அது பதிவாயிடுச்சு, ரெண்டையும் குழு முன்னாடி வைச்சுத்தான் ஆகணும். முடிவு அவங்க கையில. எனக்குப் பயமாதான் இருக்கு ஆன்ட்டி. தலைவர் நல்லவருதான், ஆனா வேகத்தைத் தவிர வேற பேச்சு கிடையாது."

*

செவ்வாய்க்கிழமை மதியம்வரை போன் வரவில்லை. பெனிட்டா கீரை ஆய்ந்தாள், துணி மடித்தாள், மடித்த துணியையே மறுபடி எடுத்து மடித்தாள். பெயர் தெரியாத மனிதர்களுக்காக ஜெபிப்பது எப்படி என்று தெரியாமல், "அவங்க எல்லாருக்காகவும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

போன் வந்தபோது மிருதுளா தாழ்ந்த குரலில் பேசினாள். எங்கோ நடைபாதையில் நிற்பதுபோலிருந்தது.

"காரணத்தை வாசிச்சேன் ஆன்ட்டி. எல்லாரும் மரியாதையா கேட்டாங்க. ரொம்ப அழகா இருக்கு, ஆனா தொழிலுக்கு உதவாதுன்னு சொல்லிட்டாங்க. எடுத்துரலாம்னுதான் பெரும்பாலானவங்க கை தூக்கினாங்க."

பெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரிம்மா. நீ உன்னால ஆனதைச் செஞ்ச."

"இல்ல, இருங்க, கேளுங்க. எங்க கூட்ட அறையிலயும் திரையாள்தான் எழுத்து வேலை பாக்குது. தலைவர் அதுகிட்ட, பழைய கையை எடுத்துட்டு புதுசைப் போடுன்னு சொன்னாரு. சுவத்துல பெரிய திரை. கர்சர் போச்சு. 'நீக்கு' பட்டன்கிட்ட போச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "எங்க ஆபீஸ்லயும் இருக்கிறது அக்கா கைதானே ஆன்ட்டி. யாருக்கும் அது தோணவே இல்ல."

"என்ன பண்ணிச்சு?"

"சுத்திச்சு. தன்னைத்தானே நீக்குற பட்டனைச் சுத்தி, மெதுவா, வட்டமா. பத்துப் பதினஞ்சு பேரும் அதையே பாத்துக்கிட்டிருந்தோம். நாங்க அதைப் புகார்லயும் கணக்குலயும்தான் பாத்திருக்கோம், இப்படி உக்காந்து பாத்ததில்ல. தலைவர் கண்ணாடியைக் கழட்டினாரு. நான் சொல்ற வரைக்கும் அமுக்காதேன்னு அதுகிட்ட சொன்னாரு. அந்தக் காரணத்தை இன்னொரு தடவை வாசிங்கன்னு என்னைப் பாத்துச் சொன்னாரு."

"வாசிச்சியா?"

"வாசிச்சேன். முதல் தடவை வாசிச்ச மாதிரி இல்ல. நடுவுல நின்னுட்டேன். அவங்க எல்லாரும் நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க ஆன்ட்டி."

பெனிட்டாவுக்குக் கண் கலங்கியது. "அப்புறம் என்ன முடிவு பண்ணினாக?"

"ஒண்ணும் பண்ணல. தலைவர் ஒண்ணுமே சொல்லாம எழுந்து போயிட்டாரு. எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. நான் இப்ப கதவு வழியா பாத்துக்கிட்டிருக்கேன்." மிருதுளா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அது இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு. அமுக்குன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல."